எங்கிருந்து பார்க்கிறோம்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். விடுமுறைக்கு வந்துவிடுவாள், கவலைப்படாதே. இங்கே எல்லோரும் நலம். இந்த வருடம் எனக்கு அறிவியலோடு சமூக அறிவியலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். வேலை கூடுதல்தான், ஆனாலும் பிடித்திருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 'உலகப் பார்வை' என்று தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கி உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது என்கிறாய். அந்தப் பாடவேளை இருக்கட்டும், அதை மட்டும் நம்பாதே. கொடி, உடை, நடனம் என்று ஒரு நாள் விழா எடுத்தால் பிள்ளைகளுக்கு உலகம் வேடிக்கை பார்க்கும் பொருளாகிவிடும். தினமும் நடத்தும் பாடத்துக்குள்ளேயே 'இதை வேறோர் இடத்திலிருந்து பார்த்தால்?' என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், ஆண்டின் மிக நீண்ட பகலன்று, எகிப்தின் தெற்கிலிருந்த சையீனில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்றது. வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் அதே வேளையில் நிழல் விழுந்தது. அங்கே சூரியன் உச்சியிலிருந்து விலகியிருந்த கோணம் சுமார் 7.2 டிகிரி, வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார் அந்த மனிதர். ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. அதனால்தான் இந்தப் பாடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன செப்டம்பரில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளையொட்டி, பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஒரு பள்ளியோடு சேர்ந்து இதைச் செய்தோம். இரு பக்கமும் ஒரு மீட்டர் குச்சி, அவரவர் நண்பகலில் மிகக் குறுகிய நிழல், அதன் நீளம், திசை. அவ்வளவுதான். அவர்கள் நிழல் தெற்கே விழுந்தது என்று எழுதியதும், தப்பாகக் குறித்துவிட்டார்கள் என்று என் பிள்ளைகள் வாதாடினார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஒரு பெண் பூமி உருண்டையையும் டார்ச்சையும் எடுத்து வந்து, இரண்டு நிழலும் சரிதான் என்று காட்டிவிட்டாள். அப்புறம், நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுவதால் இரண்டு ஊர்க் கோணங்களையும் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தப் பக்கத்து எண் வராமல் தங்கள் விடை முழுமையாகாது என்பதால், அந்தப் பள்ளியின் பதிலுக்காக அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எந்தச் சொற்பொழிவாலும் அந்த ஆவலை வரவழைத்திருக்க முடியாது.

வரலாற்றிலும் இது முடியும். இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது என்று படிக்கிறார்கள். படிக்கட்டும், தேர்வுக்கு வேண்டும். ஆனால் சீனாவில் ஜப்பானோடு முழுப் போர் 1937 ஜூலையிலேயே மூண்டுவிட்டது. அங்கே ஒரு பிள்ளை எந்த ஆண்டிலிருந்து எண்ணும் என்று கேட்டுப் பார், வகுப்பே விவாதத்தில் இறங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. எந்த நாட்டையும் அதன் துயரத்தின் வழியாக மட்டும் அறிமுகப்படுத்தாதே. கென்யா என்றதும் வறட்சிப் படத்தைக் காட்டுகிறோம். சாதாரணக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா 2007இலேயே அங்கே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டாமா? பரிதாபப்பட மட்டும் பழகிய பிள்ளைக்கு, அந்த மனிதர்களிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்றே தோன்றாது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்று உங்கள் ஆசிரியர்கள் முணுமுணுப்பதாக எழுதியிருந்தாய். நியாயம்தான். புதிதாக ஒரு அத்தியாயத்தைச் சேர்க்கச் சொல்லாதே. இருக்கும் பாடத்தில் பத்து நிமிடம் கேள், போதும்.

வரும் மார்ச்சில் மறுபடி நிழல் அளக்கப்போகிறோம். 21ஆம் தேதி வாக்கில் உன் வகுப்பும் சேர்ந்தால் மூன்று இடத்து அளவுகள் கிடைக்கும். உங்கள் கணக்கு ஆசிரியர் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுது. மேகம் மூடினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்