ஓவியப் போட்டி போதும், அசைவூட்டப் படம் எடுப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் தூய்மை பற்றி மாணவர்கள் வரைந்த ஓவியங்களைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் பார்த்தேன். வண்ணமெல்லாம் அருமை. ஆனால் எதைப் பார்த்தாலும் அழுகிற பூமி உருண்டை, இல்லாவிட்டால் மூக்கில் உறிஞ்சுகுழல் மாட்டிய ஆமை. கடற்பறவை ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பறவைக்கு நடப்பதை ஒற்றைப் படத்தில் அடக்குவது கடினம். நம் தமிழ்ப்பள்ளிகள் அதை அசைவூட்டப் படமாக (அனிமேஷன்) எடுக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஹொனலுலுவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் நடுவே இருக்கிறது மிட்வே தீவு. அங்கே செத்துக் கிடந்த அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை 2009-இல் கிறிஸ் ஜோர்டன் என்ற கலைஞர் புகைப்படம் எடுத்தார். மட்கிய இறகுகளுக்கு நடுவே போத்தல் மூடிகளும் லைட்டர்களும் குவிந்து கிடந்தன. பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் அந்த மூடி குஞ்சின் வயிற்றுக்குள் எப்படிப் போனது? பறக்கும் மீன்கள் மிதக்கிற பொருள்களில் முட்டைகளை ஒட்டி வைக்கும். இரை தேடி வரும் அல்பட்ராஸ் முட்டையோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கிவிடும். கூட்டுக்குத் திரும்பியதும் குஞ்சு அலகோடு அலகு தட்டிக் கேட்கும். தாயோ தந்தையோ கக்கி ஊட்டும். கணவாய், மீன்முட்டை, கூடவே மூடி. அப்புறம் உண்மையான இரைக்கு வயிற்றில் இடமிருக்காது.

வாசனையும் ஒரு காரணம். கடலில் சில வாரம் மிதந்த பிளாஸ்டிக்கில் பாசி படிந்து, டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தின் வாசனை எழுவதைக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். இரை நிறைந்த கடற்பகுதியில் வீசுவதும் இதே வாசனைதான். மோப்பம் பிடித்து இரை தேடும் பறவை ஏமாறாமல் என்ன செய்யும்? இதைக் கேமராவில் எடுக்க முடியாது. அசைவூட்டத்தில் வாசனைக்கு ஒரு நிறம் கொடுத்து அலைமேல் இழுத்துவிடலாம், பறவை அதைத் தொடர்ந்து வருவதைக் காட்டலாம். 2018-இல் இங்கே சிலாங்கூரில், ஜெஞ்சாரோம் ஊர்ப் பக்கம் இறக்குமதிக் கழிவை எரித்தபோது எங்கள் வட்டாரமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அதே பிளாஸ்டிக் ஒரு பறவைக்குச் சாப்பாடாக மணக்கிறது என்றால் இங்குள்ள பிள்ளைக்குச் சட்டென்று உறைக்கும்.

பெரிய செலவும் இல்லை. கைப்பேசி ஒன்று, வெட்டிய காகிதப் பறவை, கடைத்தெருக் கால்வாயில் பொறுக்கிக் கழுவிய மூடிகள் போதும். விநாடிக்கு 12 படம் என்று பொறுமையாக நகர்த்தி எடுத்தால் மூன்று நிமிடக் கதை கிடைக்கும். உப்பின் இப்பின் என்ற அசைவூட்டத் தொடர் 2007-இல் தொடங்கிய மலேசியா இது. கற்றுத்தர ஆளில்லை என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஐஸ் தண்ணீர்ப் பை லங்காட் ஆற்றில் விழுந்து மிட்வே வரை போவதாகக் கதை கட்டக்கூடாது. கேரித் தீவைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குள் போகும்வரை காட்டினால் போதும். மோரிப் கரையில் ஆலா என்ற கடற்பறவைகள் மீன் பிடிப்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும், மிட்வேயில் நடந்ததை மிட்வேயில் நடந்ததாகவே சொல்லட்டும். கடைசியில் பறவை சிரித்து நன்றி சொல்கிற காட்சியும் வேண்டாம். 2050-க்குள் கடற்பறவை இனங்களில் 99 விழுக்காடு பிளாஸ்டிக்கை உண்டிருக்கும் என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு கணிக்கிறது. அதைத் தாங்கும் பக்குவம் பிள்ளைகளுக்கு உண்டு. வகுப்பறையில் பல காலம் இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அடுத்த போட்டியைத் தங்கள் நாளிதழ் ஓவியத்துக்குப் பதிலாக இப்படிப் படங்களுக்கு நடத்த வேண்டும். தேர்வாகும் படங்களைக் கோவில் திருவிழாக்களில், பொலிஸ்டைரின் பெட்டியில் அன்னதானம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பு, திரைகட்டிப் போடுமாறு ஆலய நிர்வாகங்களையும் தாங்களே கேட்டு எழுதுங்கள். பந்திங்கில் இடம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பந்திங், சிலாங்கூர்