ஓடுகிற சொல்

தக்கலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகியும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மழைதான் காரணம். ஐப்பசி மழை இந்த ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டதில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், கூரையில் இரண்டு ஓடுகள் உடைந்து, அவற்றை மாற்ற ஆள் தேடி அலைவதே என் வேலையாகிவிட்டது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

ஓடு மாற்றிய அன்று மாலை, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி ஆங்கில வீட்டுப்பாடத்துடன் வந்து அமர்ந்தாள். 'ரன்' என்ற சொல்லுக்கு நிகரான பத்துச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க வேண்டுமாம். பத்தையும் கைப்பேசியில் பார்த்து ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். ஆனால் குழித்துறை ஆறு தேங்காப்பட்டணம் வரை ஓடிக் கடலில் சேர்கிறது என்ற வாக்கியத்தில் 'ரன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜாக்' என்பதை வைத்திருந்தாள். சர்க்கரை நோய்க்கு மருத்துவர் சொன்னபடி ஆறு விடியற்காலையில் எழுந்து மெல்லோட்டம் போவதாக நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன், அவள் கோபித்துக்கொண்டாள். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் சிரித்திருக்கக் கூடாதுதான். பட்டியலில் ஒன்றாக நிற்கும் சொற்கள் வாக்கியத்தில் மட்டும் ஏன் இடம் மாறி உட்கார மறுக்கின்றன என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி.

சொல் சிறியது என்று அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் நினைத்திருக்கலாம். 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு உரியதாக இருந்தது. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஒரே சொல்லுக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதங்கள் செலவிட்டார். பேத்திக்குக் கிடைத்ததோ ஒரு மாலைப்பொழுது.

நம் 'ஓடு' என்ற வினையும் லேசுப்பட்டது அன்று. பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, காலமும் ஓடுகிறது. இவ்வளவு தூரம் இரண்டு சொற்களும் கைகோத்தே வருகின்றன. அதன் பிறகு வழி பிரிகிறது. ஆங்கிலத்தில் கடையை ஓடச் செய்கிறார்கள். நாம் கடையை நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். அங்கே ஓடும் மூக்கு இங்கே ஒழுகுகிறது. காய்ச்சல் அடிக்கிறது, சர்க்கரை தீர்ந்துபோகிறது, வேட்டியின் சாயம் போகிறது, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாலை தக்கலை வழியாகப் போகிறது. இத்தனைக்கும் அவர்களிடம் இந்த ஒரு சொல் போதும். எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல்தான். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், இங்கிலாந்தில் அவர் நிற்கிறார், நாமும் 'அவர் தேர்தலில் நிற்கிறார்' என்றே சொல்கிறோம். எங்கள் வார்டில் நின்றவர் தோற்ற பிறகு ஓடினார் என்பது வேறு கதை.

இந்தச் சொல் இவ்வளவு பெருத்ததற்கு ஒரு காரணத்தைப் பேத்திக்குச் சொல்லத் தொடங்கி, அவள் கொட்டாவி விட்டதால் நிறுத்திவிட்டேன். ஆகவே நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். நம்மிடம் ஓடு, ஓட்டு என்று இரண்டு வினைகள் இருக்கின்றன: வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். பழைய ஆங்கிலத்திலும் தானே ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடச் செய்வதற்கு அதனோடு உறவுடைய இன்னொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட, இயந்திரம் ஓடுவதும் அதை மனிதன் ஓட்டுவதும் 'ரன்' என்றே ஆயிற்று. ஜெர்மன் மொழியில் அந்த உறவினர்கள் இன்றும் பாகம் பிரிந்து வாழ்கிறார்கள். 'ரின்னன்' என்றால் நீர் கசிந்து ஒழுகுவது, 'ரென்னன்' என்றால் காலால் ஓடுவது. ஆங்கிலேயரின் மூக்கு ஓடுவதில் நாம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அது அந்தச் சொல்லின் பழைய பொருளோடு சேர்ந்தது. ஆறு 'ஜாக்' செய்யாததற்கும் இதுவே காரணம், ஏனென்றால் 'ஜாக்' காலால் மெல்ல ஓடுவதைக் குறிக்கும் சொல், அதற்கு நீரோடு பழக்கமில்லை.

ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் எனத் திரிசொல்லை, அதாவது செய்யுளில் வரும் அரிய சொல்லை, தொல்காப்பியம் இரண்டாகப் பிரிப்பது உனக்கு நினைவிருக்கும். அந்நூலைக் கேட்டவராகப் பாயிரம் கூறும் அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்று கல்லூரியில் நீ மார்தட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்றை, பதினோராவதை, ஒரு சொல்லின் பல பொருள்களுக்கென்றே ஒதுக்கியது. 1852இல் ரோஜே என்ற மருத்துவர் வெளியிட்ட ஆங்கிலச் சொற்களஞ்சியமோ சொற்களைக் கருத்து வாரியாகக் கூட்டி நிறுத்தியதே தவிர, அவற்றுக்குப் பொருள் விளக்கம் தரவில்லை. சொல்லை முன்பே அறிந்தவன், நாக்கு நுனியில் நிற்பதைப் பிடித்துக்கொள்வதற்கு அது உதவும். அதை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பத்துச் சொல் எழுது என்பது, உறவு முறை தெரியாதவனைக் கல்யாணப் பந்தியில் விளம்ப விடுவதைப் போன்றது.

நாமும் ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறோம். தேர்வு எழுத முதன்முதலாகச் சென்னைக்குப் போனபோது, எழும்பூரில் ஒரு உணவு விடுதியில் நீ 'அண்ணே, கொஞ்சம் வெள்ளம் தாருங்கோ' என்று கேட்டாய். பரிமாறியவர் வாசல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தார். நம் பக்கத்தில் தாகத்துக்குக் குடிக்கும் வெள்ளம் அங்கே ஊரை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் என்பது நமக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் பேத்தியின் கோபம் தணிந்தது. 'ஜாக்' என்பதை அடித்துவிட்டு 'ஃப்ளோ' என்று அவளாகவே எழுதினாள்.

அடுத்த வாரம் 'செட்' என்ற சொல்லாம். எனக்கு அகராதி வேண்டும். கல்லூரி முடித்த ஆண்டு என்னிடமிருந்து நீ இரவல் வாங்கிப்போன, முதுகில் நீலத் துணி ஒட்டிய அந்தத் தடித்த அகராதி உன் வீட்டில்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்லாதே; போன முறை உன் அலமாரியில் என் கண்ணாலேயே பார்த்தேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்