வெள்வேலையும் சேர்த்து வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்தே பேசப்படும் விஷயம். அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பொக்லைன் இறங்கும் இடங்களில், முள் மரம் என்ற ஒரே கணக்கில் நம் வெள்வேலும் சாய்ந்துவிடுகிறது. அந்த வேதனையில்தான் எழுதுகிறேன்.

கரூர், திருப்பூர், ஈரோடு பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு என்றால் கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இதை நம்பித்தான் வளர்ந்தன. கோடையில் புல் தரையோடு தரையாகக் காய்ந்துவிடும்போது கைகொடுப்பது வெள்வேலங்காய். தொரட்டியால் கிளையை உலுக்கினால் போதும், காய் உதிரும் சலசலப்பைக் கேட்டே காட்டின் மறுகோடியில் படுத்திருக்கும் ஆடுகள் எழுந்து ஓடி வரும். தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து, மழை பெய்ததும் ஆங்காங்கே முளைக்கும். யாரும் குழி வெட்டி நட வேண்டியதில்லை.

இலை மிகப் பொடிசு என்பதால் நிழலோடு வெயிலும் கீழே இறங்கும். மரத்தடியிலும் புல் வளரும். சீமைக்கருவேலத்தின் அடியில் அப்படிப் புல்லைப் பார்ப்பது அரிது. விறகு, மண்வெட்டிக் காம்பு என்று மற்ற பயன்களும் உண்டு. அந்தக் காலத்தில் பட்டையைச் சாராய ஊறலில் போட்டதால் சாராய வேல் என்றும் சொல்வார்கள்.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமே இல்லை. வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும், தலை குடை விரித்தது போலப் பரந்திருக்கும். பூ, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் உருண்டைகள். காய் மெலிந்து தட்டையாக, லேசாக வளைந்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூவோ விரல் நீளக் கதிர். காய் சதைப்பற்றோடு மஞ்சளாகப் பழுக்கும். ஆடு மேய்ப்பவர் யாரைக் கேட்டாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

அவர்களையே உடன் அழைத்துக்கொண்டு, இயந்திரம் வருவதற்கு முந்தின நாள் வெள்வேல் மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டால் என்ன? ஒப்பந்தத்திலும் "சுண்ணாம்பு அடித்த மரத்தைத் தொடக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்கலாம். அப்புறம், அகற்றிய இடத்தில் நடுவதற்கு வெள்வேல் கன்றுகளையும் வனத்துறை நாற்றங்கால்களில் வளர்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர் மாவட்டம்