பி காமாலை: பரம்பரை என்று கைவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கல்லீரல் புற்றுநோய் வந்துவிட்டால், 'பரம்பரை வியாதி, நம் கையில் என்ன இருக்கிறது' என்று வீடே ஓய்ந்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி (பி காமாலை) வைரஸ் உள்ள குடும்பத்தில் இந்தப் பேச்சு உயிரைக் குடிக்கும். அங்கே முதலில் கைமாறுவது வைரஸ்தான், பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து. அப்படித் தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது உடலிலேயே தங்கிவிடும்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. நோய் எதிர்ப்புக்கு உதவும் எச்எல்ஏ-டிபி, எச்எல்ஏ-டிக்யூ மரபணுக்களின் சில வகைகள் உள்ளவர்களால் வைரஸை எளிதில் விரட்ட முடிவதில்லை. ஜிஎஸ்டிஎம்1 மரபணு பலருக்குப் பிறவியிலேயே இருக்காது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சை முறிக்கும் நொதிகளில் ஒன்று அவர்களுக்குக் கிடையாது. வைரஸும் இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறிவதே வழி.

இதற்காக மரபணுப் பரிசோதனைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இன்றைய நிலையில் அதை வைத்து சிகிச்சை மாறுவதில்லை. 'பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் உண்டா?' என்ற கேள்விதான் மாற்றும். உண்டு என்றால், பி தொற்று உள்ளவர் 40 வயதுக்குக் காத்திருக்காமல் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும், கல்லீரல் புற்றுநோயில் உயரக்கூடிய புரதத்தை அளக்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையோடு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் பி தொற்றுள்ள ஆண்கள் 40, பெண்கள் 50 வயதிலும், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவர்கள் எந்த வயதிலும் தொடங்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்தப் பரிசோதனை நார்மல் என்று ஸ்கேனை விடுவார்கள். சிரோசிஸ் இல்லாமலேயே பி வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும். டெனோஃபோவிர் மாத்திரையில் வைரஸ் அடங்கியதும் ஸ்கேனை நிறுத்துவார்கள். செல்லின் மரபணுவுக்குள் ஏற்கெனவே செருகிக்கொண்ட வைரஸ் துண்டை எந்த மாத்திரையும் எடுக்காது. ஏஎஃப்பியை மட்டும் பார்த்து நிம்மதியடைவார்கள். சிறு கட்டிகள் பலவற்றில் அது உயர்வதே இல்லை. பருமனானவர்களுக்கு 'கல்லீரல் முழுதும் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போகாமல், சிடி அல்லது எம்ஆர்ஐ தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் மற்ற எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. தொற்றோ எதிர்ப்பாற்றலோ இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் 3 ஊசி. தொற்றுள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி). 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அந்த மையங்களின் பதிவுச் சீட்டு ஒவ்வொன்றிலும் குடும்பப் புற்றுநோய் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதாமல் நோயாளியை அனுப்பக் கூடாது என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

— கல்லீரல் மருத்துவர்கள், மதுரை