மிலியெட் தீவுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரோஷியத் தீவுகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மிலியெட்டை மட்டும் 'துப்ரோவ்னிக்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. திரும்பலாம்தான். ஆனால் அப்படிப் போகிறவர்களின் பாதி நாள் படகிலும் டிக்கெட் வரிசையிலும் கரைந்துவிடும். குறைந்தது இரண்டு இரவாவது தங்க வேண்டிய தீவு அது.

எங்கே தங்குவது என்பதைவிட முக்கியம், எந்தத் துறையில் இறங்குவது என்பது. தீவின் நீளம் 37 கி.மீ.; அகலம் சராசரியாக 3 கி.மீ.தான். பைன் காடும் ஓக் காடும் அடர்ந்த மேற்குப் பகுதி 1960-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இரண்டு உப்பு ஏரிகளும் அங்கேதான் இருக்கின்றன. அதற்குள் இரண்டு துறைகள்: பொலாச்சே, பொமேனா. கார் ஏற்றிவரும் கப்பல் நிற்கும் சோப்ராவோ தீவின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து பொமேனாவுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல், வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை. பஸ் மிகக் குறைவு. துப்ரோவ்னிக்கிலிருந்து பொலாச்சே வரை போகும் விரைவுப் படகு முதலில் சோப்ராவில் நிற்கும். 'தீவு வந்துவிட்டது' என்று அங்கேயே இறங்கிவிட்டு, படகு கிளம்பிய பிறகு ஏரி எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. போதாததற்கு, எல்லா நாளும் எல்லாப் படகும் பொலாச்சே வரை போவதில்லை. சில சோப்ராவோடு நின்றுவிடும். டிக்கெட் எடுக்கும்போது தேதியை மட்டும் பார்க்காமல் இறங்கும் துறையின் பெயரையும் பாருங்கள்.

காரில் போகிறவர்கள் பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தில், ஸ்டோன் ஊருக்கு அருகே உள்ள பிரப்ராட்னோவில் கப்பல் ஏற வேண்டும். சோப்ரா போக முக்கால் மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் கையில் இருந்தாலும் அந்தக் கப்பலில் இடம் உறுதியில்லை. வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்கே இடம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது நல்லது. பெட்ரோல் பங்க் சோப்ராவில் இருக்கிறது. மேற்கே போகுமுன் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வடக்கே ஸ்பிளிட் நகரப் பக்கமிருந்து வருகிறவர்கள் விசாவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். குரோஷியாவின் கடற்கரைச் சாலையை நேயும் என்ற இடத்தில் போஸ்னியா சில கிலோமீட்டருக்கு வெட்டுகிறது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள் சேர்ந்ததுதான் ஷெங்கன் பகுதி. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா அதற்குள் இருக்கிறது, போஸ்னியா இல்லை. ஒரு முறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வைத்திருப்பவர் நேயும் வழியாகப் போனால், வெளியேறிவிட்டதாகக் கணக்காகிவிடும். மறுபடி உள்ளே நுழைய அந்த விசா செல்லாது. 2022 ஜூலையில் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் போஸ்னியாவைத் தொடாமலே பிரப்ராட்னோ போய்விடலாம். சொந்தக் காரில் இது சுலபம். பஸ்ஸில் என்றால் எந்த வழி என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

இனி ஏரிகள். பெரியது வேலிகோ யேசெரோ, சிறியது மாலோ யேசெரோ. பெயர்தான் ஏரி, சோலினே என்ற ஒடுங்கிய கால்வாய் வழியாக இரண்டுக்கும் கடல்நீர் வருகிறது. சின்ன ஏரி கோடையில் கடலைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும், குழந்தைகளுக்கு ஏற்றது. இரண்டையும் இணைக்கும் சின்னப் பாலத்தடியில் நீரோட்டம் உண்டு. கடல் ஏறும்போது உள்பக்கமாக ஓடும். சுமார் ஆறு மணி நேரத்தில் திசை மாறி வெளிப்பக்கமாக ஓடும். அதில் மிதந்தபடி போவது அங்கே எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. தண்ணீரில் இறங்குமுன் ஓர் இலையைப் போட்டு ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்து நீந்தினால் நல்ல நீச்சல்காரருக்கும் மூச்சு வாங்கும். பெரிய ஏரியில் நிலா போல் வெளுத்து மிதக்கும் சொறிமீன்களைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, பெரிதாகக் கொட்டுவதில்லை. திறந்த கடற்கரைப் பாறைகளில் இருக்கும் கடல் முள்ளெலிதான் தொல்லை. ரப்பர் செருப்பு போதும்.

சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்கள் பெரிய ஏரியை முழுச் சுற்று சுற்றிவிடலாம் என்று நம்பிப் புறப்படுகிறார்கள். முடியாது. சோலினே கால்வாயின் மேல் முன்பு இருந்த பாலம் இப்போது இல்லை. அதுவரை போய், எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிய, வந்த வழியே திரும்ப வேண்டும். பாதை ஏறக்குறைய சமதளம்தான், நிழலும் உண்டு. ஆனால் பொலாச்சேயில் சைக்கிள் எடுத்தால் ஏரிக்கு வர நடுவில் ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். பொமேனாவிலிருந்து சின்ன ஏரிக்கு நடையே கால் மணி நேரம்தான். ஏரிகளை மேலிருந்து பார்க்க 253 மீட்டர் உயர மொன்டோகுட்ஸ் குன்றுக்குக் காலையிலேயே ஏறிவிட வேண்டும். உச்சியில் நிழல் கிடையாது.

பெரிய ஏரிக்குள் ஒரு குட்டித் தீவு. அதில் 12-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபைத் துறவிகள் எழுப்பிய மடம் நிற்கிறது. அங்கே போகும் படகுக்கான கட்டணம் பூங்கா நுழைவுச் சீட்டிலேயே அடக்கம். இது தெரியாமல் காசு கொடுத்துவிட்டுக் கரையிலிருந்தே மடத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலர். சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

காட்டுப்பாதையில் நடக்கும்போது கீரி குறுக்கே ஓடினால் கண்ணை நம்பலாம். பாம்புத் தொல்லையை ஒழிக்க 1910-ல் ஆஸ்திரிய ஆட்சியினர் கொண்டுவந்து விட்ட இந்தியச் சிறு கீரியின் வாரிசு அது. பாம்பு குறைந்தது, பிறகு கீரி பறவை முட்டைக்கும் கோழிக்கூண்டுக்கும் போனது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் அதுவும் ஒன்று. பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுலை விரியன் தீண்டிய தீவு இதுதான் என்று 10-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை மால்டா என்றே கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சாப்பாடு மீனும் ஆட்டிறைச்சியும்தான். இரும்பு மூடிக்கு மேல் தணல் போட்டு வேகவைக்கும் 'பெக்கா' வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும். சைவர்கள் 'பிளிட்வா' கேளுங்கள்: கீரை, உருளைக்கிழங்கு, பூண்டு, ஆலிவ் எண்ணெய். கோடைக்கு வெளியே பல சமையலறைகள் மூடிவிடும். ஜூனும் செப்டம்பரும்தான் சரியான மாதங்கள்.

காட்டில் நெருப்பு மூட்டுவது எந்தச் சாக்கிலும் கூடாது. பைன் பிசின் எண்ணெய் மாதிரி பற்றும். கூடாரம் போட்டுக் கண்ட இடத்தில் தூங்குவதும் சட்டவிரோதம்.

ஒன்று விட்டுப்போயிற்று. தென்கிழக்கிலிருந்து 'யூகோ' காற்று பலமாக அடித்தால் விரைவுப் படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். கார் கப்பல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவைத் தீவில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஓர் இரவு துப்ரோவ்னிக்கில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயணத் திட்டம் வகுத்துத் தரும் தொழிலில் உள்ள வாசகர்