புல்வெட்டி வண்டியும் உங்க அப்பாவின் செம்புத் தகடும்

மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூணு வாரம் ஆகிவிட்டது, கோவிச்சுக்காதே. பேரனுக்குக் காது குத்தின படம் எல்லாம் பார்த்தேன். மாமன் மடியில் உட்கார்ந்த பையன் பேசாமல் இருக்கிறான், உன் மகன் முகத்தில்தான் ஊசி குத்தின களை. வீட்டில் எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். உன் முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா என்று மட்டும் நீ எழுதவில்லை. எழுதாததிலேயே பதில் தெரிகிறது.

நான் தாமதித்ததற்குக் காரணம் என் புல்வெட்டி. நீ இங்கே வந்தபோது சின்ன டிராக்டர் மாதிரி ஒன்றில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாயே, அதுதான். ஒத்தை சிலிண்டர், 17.5 குதிரைச் சக்தி, அடியில் 42 அங்குல வெட்டுத் தட்டு. 2010இல் இந்த வீட்டுக்கு வந்த கையோடு வாங்கியது. ஒஹாயோவில் மே மாதம் புல் வளர்கிற வேகத்தை நம்மூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அஞ்சு நாளைக்கு ஒரு தரம் வெட்டணும். எட்டு அங்குலத்தைத் தாண்டினால் எங்கள் ஊரில் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒன்றேகால் ஏக்கர். நாலு வெள்ளாடு கட்டினால் தீர்கிற விஷயம்தான், அதற்கும் இங்கே அனுமதி கிடையாது.

போன இலையுதிர் காலத்திலேயே வண்டி ஸ்டார்ட் ஆனதும் நீலமாகப் புகை தள்ள ஆரம்பித்தது. அப்புறம் அடங்கிவிடும், நானும் விட்டுவிட்டேன். இந்த ஏப்ரலில் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ஆயில் குளம் கட்டி நிற்கிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் அளவுக் குச்சியில் ஆயில் இறங்கிக்கொண்டே போகிறது.

பட்டறைக்காரர் கேட்ட உடனே ஹெட் கேஸ்கெட் என்றார், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடு. இந்த மாதிரி இன்ஜினில் சிலிண்டருக்கும், வால்வைத் தள்ளுகிற புஷ்ராடு கம்பி போகிற துவாரத்துக்கும் நடுவே கேஸ்கெட் ரொம்ப ஒடுக்கம். அந்த இடத்தில் எரிந்து போனால் சிலிண்டர் அழுத்தம் நேரே ஆயில் நிற்கிற அடிப்பெட்டிக்குள், அதான் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது உள்ளே இருக்கிற ஆயிலைப் புகையாக்கி பிரீதர் என்கிற காற்றுப்போக்கி வழியாக கார்புரேட்டர் பக்கம் தள்ளிவிடும். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் காற்று அடித்துப் பார்த்தேன். ஆயில் ஊற்றுகிற வாயில் புஸ் என்று சத்தம் கேட்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் அதே புஸ்தான் வரும் என்பது உனக்கே தெரியும். ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட்டில் கறுப்புத் தடம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் முடிவு.

இனி கணக்கு. பட்டறையில் வேலைக் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 480 டாலர் கேட்கிறார். கேஸ்கெட் செட் மட்டும் வாங்கினால் 35 டாலர். இதே மாதிரி புது வண்டி 2,200 சுமாருக்குக் கிடைக்கும். பேட்டரியில் ஓடுவது வேணுமானால் அதைப் போல இரண்டு மடங்கு. ஆளை வைத்து வெட்டினால் தரத்துக்கு 60 டாலர், வருஷத்துக்கு 28 தரம், அது 1,680. பதினாலு வருஷத்துக்கு மேல் உழைத்த வண்டிக்கு 480 போடுவதா என்று கேட்டால் எவனும் வேண்டாம் என்பான். 35 டாலரும் ஒரு சனிக்கிழமையும் என்றால் எவனும் போடு என்பான். இரண்டுக்கும் நடுவில் நிற்பது என் கை மட்டும்தான். பாலிடெக்னிக்கில் நீ அரம் போட்ட ஃபைலிங் வேலையைக் காப்பியடித்துப் பாஸான கை.

ஆனால் இன்ஜின் எனக்குப் பயமில்லை. கியர் பெட்டிதான் பயம். இதில் கியர் மாற்றுகிற வேலையே இல்லை, ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. போன வருஷம் முக்கால் மணி நேரம் ஓட்டினால், பின்பக்கச் சரிவில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆயில் சூடேறி இளகினால் அப்படித்தான் ஆகும். மூடி சீல் வைத்த பெட்டி, ஆயில் மாற்ற அடியில் ஒரு போல்ட்கூடக் கிடையாது. புது யூனிட் மட்டும் எண்ணூறு டாலருக்குக் கிட்ட. அது போய்விட்டால் இன்ஜினுக்குக் கேஸ்கெட் போடுவது, காலில்லாதவனுக்குச் செருப்புத் தைக்கிற கதை.

அதனால் முதலில் அதைத்தான் பார்த்தேன். வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி அடியில் படுத்தால், கியர் பெட்டி மேல் இருக்கிற குட்டி ஃபேனில் இரண்டு இறக்கை உடைந்து கிடக்கிறது. சுற்றிலும் காய்ந்த புல் வரட்டி மாதிரி அப்பிக் கிடக்கிறது. காற்றே படாமல் வெந்திருக்கிறது பாவம். பெல்ட்டும் பளபளவென்று வழுக்குகிற பதத்தில். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, பன்னிரண்டு டாலருக்கு ஒரு ஃபேன் போட்டேன், கூடவே ஒரு பெல்ட்டும். (பெல்ட் தனிக் காசு, அதை வீட்டில் சொல்லவில்லை.) புகையோடு புகையாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சரிவில் நிற்காமல் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் வீட்டில் கேட்ட கேள்வி வேறு. "வண்டி எத்தனை வருஷம் ஓடும்னு பாக்கறீங்களே, நாம இந்த வீட்டுல இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறோம், அதச் சொல்லுங்க." நாலு வருஷம் என்றேன். அந்த நாலு எங்கிருந்து என் வாயில் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை மாப்ளே. அவள் ஒன்றும் பேசவில்லை, காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அந்த நாலைப் போட்டதும் கணக்கு தானாக நேராகிவிட்டது. நாலு வருஷத்துக்குப் புது வண்டி தண்டம். தட்டில் புல் வெளியே விழுகிற இடத்தில் துரு ஓட்டை போட்டிருக்கிறது, அதுவும் ஒரு வெல்டிங்கில் நாலு வருஷம் தாங்கும்.

உனக்கு ஒரு விஷயம். இந்தப் புல்வெட்டியே உங்க துணி மில் சாதி. 1830இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கம் எட்வின் படிங் என்பவர் செய்தது. கம்பளித் துணியில் தூக்கி நிற்கிற பஞ்சை ஒட்ட வெட்டுகிற மெஷினைப் பார்த்துவிட்டு, இதையே புல்லுக்குப் போட்டால் என்ன என்று நினைத்திருக்கிறார். இருபது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது தோன்றாமல் போயிற்றே.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது உங்க தோட்டத்து ஆயில் இன்ஜின் ஞாபகம்தான். ஹெட்டைக் கழற்றி, அந்தச் செம்புத் தகடு கேஸ்கெட்டை உங்க அப்பா விறகடுப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சித் தொட்டித் தண்ணியில் போட்டாரே. இரும்பென்றால் இறுகும், செம்பு இளகும் என்று சொன்னார். நாம் இரண்டு பேரும் நம்பவில்லை. மறுபடி அதையே மாட்டி, சாயங்காலம் வாழைக்குத் தண்ணி பாய்ந்தது. இப்போது வருகிற கேஸ்கெட் அப்படியில்லை, ஒரு தரம் நசுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வருகிற சனிக்கிழமை ஹெட்டைக் கழற்றுகிறேன். அதற்கு முன் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலுமினிய ஹெட், சூட்டில் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. கடையில் கொடுத்துச் சமன்படுத்தப் பணம் போட மனசில்லை. கனமான கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து, எட்டு போடுகிற மாதிரி தேய்த்தால் போதுமா? எந்த நம்பர் தாளில் ஆரம்பிக்கட்டும்? எவ்வளவு வளைவு வரைக்கும் கையால் எடுக்கலாம்? கடிதம் எல்லாம் வேண்டாம், போனில் ஒரு வரி போடு. வெள்ளிக்கிழமை மழை என்கிறார்கள், புல் இப்பவே ஆறு அங்குலம்.

உன்
மச்சான்