குறுகிய செஸ் ஆட்டங்களை முழுமையாக வெளியிடுக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செஸ் ஆட்டம் ஒன்று இருபது நகர்த்தல்களுக்குள் வெற்றி தோல்வியில் முடிந்தால், நம் நாளிதழ்கள் அந்த எண்ணிக்கையை மட்டும் வியந்து சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. தோற்றவர் ஏதோ அசட்டையாக ஆடினார் என்ற எண்ணமே இதனால் வாசகர் மனத்தில் பதிகிறது. செக்மேட் ஆகாத நிலையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் ஏன் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்பதுதான் உண்மையான செய்தி. அதுதான் விடுபட்டுப் போகிறது.

2012 மே மாதம் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் எட்டாவது ஆட்டத்தில், முந்தைய ஆட்டத்தை வென்று முன்னிலையில் இருந்த போரிஸ் கெல்ஃபாண்ட், விஸ்வநாதன் ஆனந்திடம் 17 நகர்த்தல்களில் தோற்றார். 1886-இல் முதல் உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸ் 19 நகர்த்தல்களில் பெற்ற வெற்றியே அதுவரை இப்போட்டிகளில் மிகக் குறுகியதாக இருந்தது. கெல்ஃபாண்ட் தம் ராணியை எதிரணியின் மூலை வரை அனுப்பி யானையை வெட்டினார். ஆனந்தோ செக் எதுவும் வைக்காமல், தம் ராணியைப் பக்கவாட்டில் நகர்த்தி, கெல்ஃபாண்டின் ராணி வெளியேறும் வழியை அடைத்தார். அடுத்து ஆனந்தின் பிஷப் விலகினால் அதே வரிசையில் நிற்கும் மற்றொரு யானை கெல்ஃபாண்டின் ராணியைத் தாக்கும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு குதிரையைப் பறிகொடுத்தாக வேண்டும். கெல்ஃபாண்டின் கண்ணுக்குத் தப்பியது ஆரவாரமற்ற அந்த ஒரு நகர்த்தல்தான்.

அதே ஆனந்த் 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ சபாடாவிடம் ஆறே நகர்த்தல்களில் தோற்றவர் (கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற ஆண்டும் அதுவே). முந்தைய ஆண்டு கிராண்ட்மாஸ்டர்கள் மைல்ஸ், கிறிஸ்டியான்சென் ஆகியோர் ஆடி டிரா செய்த ஆட்டத்தின் வழியை அவர் அப்படியே பின்பற்றினார். அதிலிருந்த பிழையை மைல்ஸ் தண்டிக்காமல் விட்டிருந்தார், சபாடா விடவில்லை. சபாடா தம் ராஜாவுக்கு முன்னால் ராணியை வைத்ததும், ஆனந்தின் குதிரை அசைய முடியாமல் மாட்டிக்கொண்டது. அச்சில் வந்த ஆட்டத்தைச் சரிபாராமல் நம்பியதன் விளைவை அசட்டை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது நியாயமாகாது.

நூறு நகர்த்தல்கள் கொண்ட ஆட்டத்தை அச்சிட இடமில்லை என்றால் அதை ஏற்கலாம். 17 நகர்த்தல்களுக்கோ நான்கைந்து வரிகள் போதும். இத்தகைய ஆட்டங்களையாவது, திருப்புமுனையான நகர்த்தலுக்குச் சிறு விளக்கத்துடன், முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பலகையும் காய்களும் உள்ள வாசகர்கள் மற்றதைத் தாமே ஆடிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்